கதை சொல்லும் ஓப்பன் வேர்ல்டு கேம்களை ஆடி முடிப்பது எப்படி: நெல்லைச் சீமை வாசகருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வைஸ் சிட்டியில் ஒரு முறையாவது கார் ஓட்டாத முப்பது வயதுக்காரர் திருநெல்வேலிப் பக்கம் குறைவு. 2002இல் வெளிவந்த அந்த கேம் ஜங்ஷனிலும் பாளையங்கோட்டையிலும் பிரவுசிங் சென்டர்கள் இருந்த காலத்தில் அவற்றில் ஓடியது. 2011 முதல் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளிலும் ஓடியது. கேமின் விதிகளை மீற உதவும் சீட் கோடுகளைத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்த தலைமுறை அது. டாங்கியை வரவழைத்தார்கள், போலீசைத் துரத்தவிட்டார்கள், கடற்கரைச் சாலையில் மணிக்கணக்காகச் சுற்றினார்கள். ஆனால் கேமின் நாயகன் டாமி வெர்செட்டி ஏன் அந்த நகரத்துக்கு வந்தான், அவனுக்குத் துரோகம் செய்தது யார் என்று கேட்டால் பலருக்கும் தெரியாது. பொம்மை ஹெலிகாப்டரில் வெடிகுண்டைத் தூக்கிக்கொண்டு கட்டடத்துக்குள் போகும் அந்த ஒரு மிஷனோடு எத்தனையோ பேருக்குக் கதை நின்றுபோனது.

அப்படி நின்றுபோனவர்களுக்காகவும், இனிமேல்தான் தொடங்கப் போகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். ஒரு பெரிய உலகில் இஷ்டப்படி சுற்றவிடும் இந்த ஓப்பன் வேர்ல்டு வகை கேம்களில் ஊர் சுற்றுவதையும் கதையையும் இரண்டு தனி வேலைகளாகப் பார்ப்பதால்தான் பாதியில் சலிப்பு வருகிறது என்பது என் உறுதியான எண்ணம். எப்போது சுற்றலாம், எப்போது நிற்காமல் ஓட வேண்டும் என்பதை நல்ல கதை தானே காட்டிக்கொடுக்கும். அதைக் கவனிக்கப் பழகியவர் ஐம்பது மணி நேரக் கதையையும் அலுக்காமல் முடித்துவிடுவார்.

1. முதல் கேமைத் தேர்ந்தெடுப்பது

எல்லோரும் புகழ்வது எது என்று தேடித் தொடங்க வேண்டாம். உங்களிடம் உள்ள கருவி எதைத் தாங்கும், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்க முடியும், வீட்டில் அந்தத் திரை யார் யார் கண்ணில் படும் என்று முதலில் பாருங்கள்.

தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மடிக்கணினி மட்டும்தான் இருக்கிறது என்றால் கவலை வேண்டாம். வைஸ் சிட்டியின் அதே ஜிடிஏ வரிசையில் 2004இல் வந்த சான் ஆண்ட்ரியாஸ் அதில் நன்றாகவே ஓடும். தாய் இறந்த செய்தி கேட்டு ஊர் திரும்பும் சிஜே என்ற இளைஞனின் கதை அது. 1992ஆம் ஆண்டில் நடக்கிறது, மூன்று நகரங்களையும் நடுவில் உள்ள கிராமங்களையும் பாலைவனத்தையும் கடந்து போகிறது. சீட் கோடு இல்லாமல் ஒரு முறை ஆடிப் பாருங்கள். சின்ன வயதில் பார்த்த கேம்தானா இது என்று தோன்றும். 2011 நவம்பரில் வந்த ஸ்கைரிமின் பழைய பதிப்பும் கிராபிக்ஸைக் குறைத்து வைத்தால் சமாளிக்கும்.

ஓரளவு நல்ல கிராபிக்ஸ் கார்டு இருந்தால் கெரால்ட் என்ற மிருக வேட்டைக்காரனின் கதையாக 2015இல் வந்த தி விட்சர் 3. அதைவிடக் கனமானது, அமெரிக்கக் கொள்ளைக் கும்பல் ஒன்றின் கதையான ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2. இது 2018இல் கன்சோல்களுக்கும் 2019இல் கணினிக்கும் வந்தது. கணினியில் இதற்கு 150 ஜிபி இடம் வேண்டும். நிறுவனம் பரிந்துரைப்பது 12 ஜிபி ராமும் 6 ஜிபி நினைவகம் உள்ள ஜிடிஎக்ஸ் 1060 கார்டும். கணினிக்கு அவ்வளவு செலவு செய்ய முடியாதவர்கள் பயன்படுத்திய பிளேஸ்டேஷன் 4 ஒன்றை வாங்குவது நல்ல வழி. இந்த இரண்டு கேம்களுமே அதில் ஓடும், பழைய டிஸ்க்குகளும் கைமாற்றாகக் கிடைக்கும்.

நேரத்தைப் பொறுத்தவரை, மையக் கதையை மட்டும் பின்பற்றினாலே விட்சர் 3க்கும் ரெட் டெட் 2க்கும் சுமார் 50 மணி நேரம் பிடிக்கும். 2020இல் வந்த கோஸ்ட் ஆஃப் சுஷிமா சுமார் 25 மணி நேரம். கருவி இடம் கொடுத்தால் முதல் கேமாக நான் சுஷிமாவையே சொல்வேன். 1274இல் மங்கோலியப் படை ஜப்பானின் சுஷிமா தீவின் மீது இறங்கியபோது உயிர் தப்பிய ஜின் சகாய் என்ற சாமுராயின் கதை. கதை நேரானது, தீவு அழகானது, திரையில் குறிகள் குறைவு. அந்தக் கதை உண்மையான தீவுக்கும் நன்மை செய்தது: 2020 புயலில் அங்கே ஒரு கோயிலின் தோரண வாயில் சாய்ந்தபோது, அதைத் திரும்ப நிறுத்த உலகெங்கும் உள்ள கேம் ஆடுபவர்கள் பணம் அனுப்பினார்கள். கேட்டதைவிடப் பல மடங்கு சேர்ந்தது. கேமை உருவாக்கியவர்களில் இருவரை அத்தீவின் சுற்றுலாத் தூதர்களாகவும் அறிவித்தார்கள்.

வீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஜிடிஏ, விட்சர், ரெட் டெட், சுஷிமா எல்லாமே 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு எனக் குறிக்கப்பட்டவை. ஹாலில் இருக்கும் ஒரே டிவியில், தம்பி தங்கைகள் சுற்றி உட்கார்ந்திருக்க ஆடுவதற்கு அவை ஏற்றவை அல்ல. சிறுவர்களும் உடன் இருக்கும் வீட்டில் நின்டெண்டோ ஸ்விட்ச் இருந்தால் 2017இல் வந்த செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்டு பொருத்தமானது. அப்பாவும் மகளும் கன்ட்ரோலரை மாற்றி மாற்றி வாங்கி ஆடக்கூடிய கேம்.

2. இடம், மின்சாரம், வெயில்

வாங்கும் முன் கணக்குப் போடுங்கள். நொடிக்கு 40 மெகாபிட் வேகம் உள்ள இணைப்பில் 150 ஜிபி இறங்க எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நாளுக்கு 2 ஜிபி கொடுக்கும் செல்போன் திட்டத்தில் 75 நாள் ஆகும். களக்காட்டுப் பக்கமோ ராதாபுரம் பக்கமோ இணைப்பு மெதுவாக இருக்கும் ஊரில் இருப்பவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் அதே கேமை இறக்கி வைத்திருக்கும் நண்பர் இருந்தால், இரண்டு கணினிகளையும் ஒரே வீட்டு வைஃபையிலோ கேபிளிலோ இணைத்து நேரடியாக மாற்றிக்கொள்ளலாம். 2023 முதல் ஸ்டீமிலேயே இந்த வசதி இருக்கிறது. அல்லது அவரைக் காப்புப் பிரதி எடுத்து ஹார்டு டிஸ்க்கில் தரச் சொல்லுங்கள். உங்கள் கணக்கில் கேம் இருக்க வேண்டும். கோப்புகள் அந்த டிஸ்க்கிலிருந்து ஏறிவிடும், விடுபட்ட சின்ன அப்டேட்கள் மட்டும் இணையத்தில் இறங்கும்.

கோடை காலத்திலும் ஆண்டு இறுதியிலும் ஸ்டீமில் வரும் தள்ளுபடியில் பழைய பெரிய கேம்கள் முக்கால் பங்கு வரை விலை குறையும். வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். உங்கள் கணினி தாங்குமா என்ற சந்தேகத்தை இந்தக் கால எல்லைக்குள் தீர்த்துக்கொள்ளுங்கள். திருட்டுப் பிரதி வேண்டாம். அதில் வைரஸ் வருவது ஒரு பக்கம் இருக்கட்டும். முப்பதாவது மணி நேரத்தில் சேவ் கோப்பு திறக்காமல் போனால் கேட்க ஆள் இல்லை.

மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாள் செய்தித்தாளில் முன்கூட்டியே வந்துவிடும். பிரச்சினை சொல்லாமல் போகும் மின்சாரம்தான், குறிப்பாக ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில். மேஜைக் கணினி வைத்திருப்பவர்கள் வீட்டு இன்வெர்ட்டரில் யுபிஎஸ் என்று குறிக்கப்பட்ட சுவிட்ச் நிலையைத் தேர்ந்தெடுங்கள். சாதாரண நிலையில் மின்சாரம் மாறும் அந்த இமைப்பொழுதில் கணினி அணைந்து எழலாம். கேம் தானாகச் சேவ் செய்துகொண்டிருக்கும் நொடியில் அப்படி அணைந்தால் அந்தக் கோப்பே கெட்டுப்போகலாம். எதற்கும் பெரிய சண்டைக்கு முன் கையால் சேவ் செய்து வையுங்கள்.

வெயில் நமக்கு அக்னி நட்சத்திரத்தோடு முடிவதில்லை. குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடியிலும் பாளையங்கோட்டையில் அனல் குறையாது. சூடேறிய மடிக்கணினி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். படம் விட்டுவிட்டு நகரும். கேமின் அமைப்புகளில் நொடிக்கு 30 ஃபிரேம் என்று வரம்பு வையுங்கள். பின்பக்கத்தை இரண்டு விரல் உயரம் தூக்கி வையுங்கள். மெத்தை மேல் வைக்கவே வேண்டாம். கதை கேம்களுக்கு 30 ஃபிரேம் போதும்.

3. தொடங்கும் முன் மாற்ற வேண்டிய அமைப்புகள்

சப்டைட்டிலை முதலிலேயே போடுங்கள். எழுத்தைப் பெரிதாக்குங்கள், பின்னால் கறுப்புப் பட்டை வரும்படி வையுங்கள், பேசுபவர் பெயர் காட்டும் வசதி இருந்தால் அதையும் போடுங்கள். அசைவின்போது படத்தை மங்கலாக்கும் மோஷன் ப்ளர், கேமரா குலுக்கல் இரண்டையும் நிறுத்திவிடுங்கள். தலைசுற்றல் வருகிறது என்று கேமையே விட்டவர்களில் பலருக்கு இது மட்டுமே போதும்.

கணினியில் ஆடினாலும் ஒரு கன்ட்ரோலர் வாங்குங்கள். கீபோர்டில் கால் நடக்கும், இல்லையென்றால் ஓடும்; கன்ட்ரோலரின் குச்சியை மெல்லத் தள்ளினால் உலாவும். இந்த கேம்களில் உலாவுவதற்கு இருக்கும் மதிப்பு ஆடும்போது புரியும்.

கடினநிலையைப் பற்றி வெட்கமே வேண்டாம். விட்சர் 3இன் எளிதான நிலைக்கே கதைக்காக மட்டும் என்பதுபோலத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரே எதிரியிடம் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தால் கதையின் சூடு ஆறிவிடும். நடுவிலும் மாற்றிக்கொள்ளலாம்.

மிக முக்கியமானது மூலையில் இருக்கும் சின்ன வரைபடம். ரெட் டெட் 2இல் அதை வெறும் திசைகாட்டியாகச் சுருக்கலாம். கண் அந்த வட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்வரை நீங்கள் ஒரு நாட்டில் போகவில்லை, ஒரு கோட்டைப் பின்தொடர்கிறீர்கள். சுஷிமாவில் அந்தச் சிறு வரைபடமே கிடையாது. போகவேண்டிய திசையில் காற்று வீசும், புல் சாயும். அதை முதல் கேமாகப் பரிந்துரைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

4. முதல் மூன்று மணி நேரம்

பெரும்பாலோர் விட்டுவிடும் இடம் இதுதான். ரெட் டெட் 2 பனிமலையில் தொடங்குகிறது. அந்த முதல் அத்தியாயத்தில் எங்கும் சுற்ற முடியாது, குதிரை பனியில் மெல்லத்தான் நகரும். நாடு திறப்பது இரண்டாம் அத்தியாயத்தில். எனவே இங்கே நிற்காமல் மிஷன்களை வரிசையாக முடியுங்கள். ஆனால் முகங்களைப் பாருங்கள். யார் யாரை மதிக்கிறார்கள், யார் பசியோடு இருக்கிறார்கள், கும்பலின் தலைவன் டச் பேசும்போது யார் தலையாட்டுகிறார்கள் என்பதெல்லாம் பின்னால் வரப்போகும் எல்லாவற்றுக்கும் விதை.

விட்சர் 3இல் நேர்மாறு. ஒயிட் ஆர்ச்சர்டு என்ற முதல் சிற்றூர்ப் பகுதியை முழுவதும் முடித்துவிட்டுக் கிளம்புங்கள். அறிவிப்புப் பலகையில் வேலை தேடுவது, ஊர்க்காரரிடம் விசாரிப்பது, தடயம் பார்ப்பது, மிருகத்தைப் பற்றிப் படித்துத் தயாராவது என்று முழு கேமின் தொழிலையும் அந்த ஒரு சின்ன ஊரில் கற்றுக்கொடுக்கிறார்கள். பிரெத் ஆஃப் தி வைல்டில் முதல் பீடபூமியில் உள்ள நான்கு கோயில்களை முடித்தால் காற்றில் மிதக்கும் பாய் கிடைக்கும். அதுவரை யாரிடமும் குறிப்புக் கேட்காதீர்கள்.

5. கதை எப்போது மூச்சு விடுகிறது என்று பார்ப்பது

இதுதான் வழிகாட்டியின் நடுப்பகுதி. மற்றப் படிகளைத் தாண்டினாலும் இதைத் தாண்ட வேண்டாம்.

நம் ஊர்க் கொடைவிழாவில் வில்லுப்பாட்டு நடக்கும்போது கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். அண்ணாவி கதையை விரித்துச் சொல்லும்போது ஆட்கள் எழுந்து கடலை வாங்கப் போவார்கள், அத்தை மாமாவிடம் நலம் விசாரிப்பார்கள், பிள்ளையைத் தூங்கவைப்பார்கள். உடுக்கின் வேகம் ஏறி, சுடலைமாடன் கதை இறுகும் இடம் வந்ததும் யாரும் சொல்லாமலே அத்தனை பேரும் பந்தலுக்குத் திரும்பிவிடுவார்கள். ஓப்பன் வேர்ல்டு கேமை ஆட வேண்டிய விதம் அதுவே.

இளகல் எது, இறுக்கம் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? வரைபடத்தைத் திறந்து பாருங்கள். மையக் கதைக்கான குறிகள் மூன்று நான்கு இடங்களில் சிதறிக் கிடந்தால் கதை மூச்சு விடுகிறது. எதை முதலில் செய்தாலும் ஒன்றும் கெடாது, சுற்றலாம். ஒரே ஒரு குறி, அதிலும் ஒருவரின் உயிர் ஊசலாடுகிறது அல்லது ஒருவர் பிடிபட்டிருக்கிறார் என்றால் கதை இறுகுகிறது. அப்போது வழியில் மான் தெரிந்தாலும் நிற்காதீர்கள். நண்பனைத் தூக்குமேடையிலிருந்து காப்பாற்றப் போகிற வழியில் மூன்று மணி நேரம் மீன் பிடித்தால் கேம் உங்களைத் தண்டிக்காது. ஆனால் அந்தக் காட்சி வரும்போது உங்களுக்கு ஒன்றும் தோன்றாது. அந்த இழப்பு உங்களுடையது.

பாத்திரங்களின் பேச்சும் சொல்லும். "கொஞ்ச நாள் அடங்கி இருப்போம்", "செய்தி வந்ததும் சொல்லி அனுப்புகிறேன்" என்பவை சுற்றுவதற்கான அனுமதி. ரெட் டெட் 2இல் பெரும்பாலான அத்தியாயங்கள் கும்பலின் முகாம் புது இடத்துக்கு மாறுவதோடு தொடங்குகின்றன. அந்த முதல் பகுதி பெரும்பாலும் இளகியது. இரவில் முகாமின் தீயருகே போய் உட்காருங்கள். பாடுவார்கள், பழங்கதை பேசுவார்கள், குடித்துவிட்டுச் சண்டை போடுவார்கள். எந்த மிஷனிலும் இல்லாத கதை அங்கேதான் இருக்கிறது. அத்தியாயத்தின் கடைசி மிஷன்கள் ஒன்றின் மேல் ஒன்றாக விழும்; அவற்றை ஒரே இரவில் முடித்துவிடுவது நல்லது. சுஷிமாவில் தீவு மூன்று பகுதிகளாகவும் கதை மூன்று பாகங்களாகவும் இருக்கிறது. ஒரு பாகத்தின் கடைசிப் போருக்கு முன் அந்தப் பகுதியில் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிடுங்கள்.

மையக் கதைக்கு வெளியே வரும் சைடு மிஷன்களில் எதை எடுப்பது, எதை விடுவது? மனிதர்களின் பெயரோடு வருபவை முதலில். பொருள் சேகரிப்பவை கடைசியில், அல்லது ஒருபோதும் வேண்டாம். விட்சர் 3இல் வழியில் நீங்கள் கைகொடுத்தவர்களில் சிலர் பின்னால் ஒரு நெருக்கடியில் உங்கள் பக்கம் வந்து நிற்பார்கள். ரெட் டெட் 2இல் முகாம்வாசிகள் கூப்பிடும் சின்ன வேலைகளில் சில, அத்தியாயம் மாறியதும் கிடைக்காமலே போய்விடும். விட்சர் 3இன் வரைபடத்தில் கடலெங்கும் கொட்டிக் கிடக்கும் கேள்விக்குறிகள் மட்டும் எத்தனையோ பேரை அந்த கேமிலிருந்து விரட்டியிருக்கின்றன. பெரும்பாலானவை மிதக்கும் கள்ளச் சரக்குப் பெட்டிகள். வரைபட வடிகட்டியில் அவற்றை மறைத்துவிடுங்கள்.

இன்னும் ஒன்று: குறியே இல்லாமல் வழியில் நடப்பவை. ரெட் டெட் 2இல் பாம்பு கடித்த ஒருவன் சாலையோரத்தில் கத்திக்கொண்டிருப்பான். நின்று விஷத்தை எடுத்து உதவினால், பிறகு ஒரு நாள் துப்பாக்கிக் கடை வாசலில் அவனைப் பார்ப்பீர்கள். உங்களுக்குப் பிடித்த ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், காசு நான் கொடுக்கிறேன் என்பான். வழியைத் தாண்டி நேரே ஊரில் கொண்டுவிடும் வேகப் பயணத்தில் போகிறவருக்கு அவன் கிடைக்கவே மாட்டான். ஆகவே இளகிய நேரத்தில் குதிரையில் போங்கள். வேகப் பயணத்தை இறுக்கமான நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

6. நிலத்தைப் படிப்பது

தமிழ் வாசகர்களுக்கு இதில் ஒரு சாதகம் இருக்கிறது. நிலத்துக்கும் மனநிலைக்கும் உறவு உண்டு என்பதைத் திணை வழியாக நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். மலையில் கூடல், காட்டில் காத்திருப்பு, வயலில் ஊடல், கடற்கரையில் இரங்கல், பாலையில் பிரிவு. பாபநாசத்தில் பஸ் ஏறி அம்பாசமுத்திரத்து வயல்களைத் தாண்டி, திசையன்விளைப் பக்கத்துச் செம்மண் தேரியைப் பார்த்துக்கொண்டே உவரிக் கடற்கரையில் இறங்கியவருக்கு நிலம் மாறும்போது மனமும் மாறும் என்று விளக்க வேண்டியதில்லை.

பெரிய ஓப்பன் வேர்ல்டு கேம்களை அமைப்பவர்களும் இந்த உறவைக் கையாள்கிறார்கள். ரெட் டெட் 2இன் கதை 1899இல் நடக்கிறது. பனிமலையில் பசியும் சாவும். அங்கிருந்து இறங்கியதும் புல்வெளி மேட்டில் வெயிலும் நம்பிக்கையும். பிறகு ஏரிக்கரையில் பழைய பண்ணைக் குடும்பங்களின் பகைக்கு நடுவே ஒரு வாழ்க்கை. அதன்பின் முதலைகள் நிறைந்த சதுப்பு நிலம், தொலைவில் தொழிற்சாலைப் புகை. அத்தியாயம் மாறியதும் மிஷனுக்கு ஓடாமல் அந்த நிலத்தைப் பகலில் ஒரு முறை, இரவில் ஒரு முறை சுற்றி வாருங்கள். எந்த மரம், எந்தப் பறவை, என்ன ஒலி என்று கவனியுங்கள். வரப்போகும் கதையின் நிறம் பிடிபட்டுவிடும். விட்சர் 3இல் வேலென் என்ற சேற்று நிலத்தில் தூக்கில் தொங்கும் உடல்களைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே ஒரு குடிகாரப் பிரபுவின் குடும்பக் கதை வருகிறது. கேம்களில் எழுதப்பட்ட குடும்பக் கதைகளில் அதற்கு இணையாக நான் அதிகம் பார்த்ததில்லை. அதை நொவிகிராட் நகரத்தில் வைத்திருந்தால் பாதி கூட ஏறியிருக்காது.

கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது 1799 அக்டோபர் 16இல், கயத்தாற்றில். பாளையக்காரர் காலத்துத் தாமிரபரணி நாட்டைக் குதிரையில் சுற்றிவர ஒரு கேம் வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. மலை, வயல், பனங்காடு, தேரி, கடல் என்று நிலம் ஏற்கெனவே தயாராக இருக்கிறது.

7. ஆங்கிலப் பேச்சைப் பின்தொடர்வது

இந்த கேம்களில் தமிழ்க் குரலோ தமிழ் சப்டைட்டிலோ இல்லை. ஆங்கிலம் தடுமாறுகிறது என்பதற்காகக் காட்சிகளைத் தாண்டுபவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன்.

ஒரு நோட்டுப்புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். தமிழிலேயே எழுதுங்கள். ஆள் பெயர், அவர் யாருக்கு என்ன உறவு, என்ன வேண்டும் என்கிறார், யார் மேல் கோபம்: ஒரு ஆளுக்கு ஒரு வரி போதும். விட்சர் 3இல் ஊர்ப் பெயர், ஆள் பெயர் எல்லாமே நம் நாவுக்குப் புதியவை. நோட்டு இல்லாமல் நானும் அதைத் தொடங்க மாட்டேன். பெரும்பாலான கேம்களில் காட்சியின் நடுவில் நிறுத்த முடியும். புரியாத வரியில் நிறுத்திச் செல்போனில் தேடிவிட்டுத் தொடருங்கள். முதல் சில நாள் வேகம் குறையும். பாத்திரங்கள் திரும்பத் திரும்ப அதே சொற்களைத்தான் பேசுவார்கள் என்பதால் விரைவிலேயே தேடும் தேவை குறைந்துவிடும்.

பதில் தேர்ந்தெடுக்கும் இடங்களில் கவனம். திரையில் தெரிவது பேச்சின் சுருக்கம் மட்டும். கெரால்ட் உண்மையில் பேசும்போது அது நீங்கள் நினைத்ததைவிடக் கடுமையாக வரலாம். நேரக் கோடு ஓடாத இடத்தில் ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை படியுங்கள். கேமுக்குள் இருக்கும் குறிப்பேட்டையும் படியுங்கள். ரெட் டெட் 2இல் நாயகன் ஆர்தர் மார்கன் தன் கையால் எழுதிப் படம் வரைந்து வைக்கும் நோட்டு இருக்கிறது. வாய்விட்டுச் சொல்லாததையெல்லாம் அதில்தான் எழுதுகிறான்.

யூடியூபில் தமிழில் முழுக் கதையும் ஆடிக் காட்டும் சேனல்கள் உள்ளன. ஒரு மிஷனை நீங்கள் முடித்த பிறகு அதே பகுதியை அங்கே பாருங்கள், விட்டது பிடிபடும். முன்னால் பார்க்காதீர்கள். வீடியோவின் முகப்புப் படத்திலேயே யார் சாகிறார் என்று தெரிந்துவிடும் ஆபத்து உண்டு.

8. முடிவுகளும் சேவ்களும்

மூன்று சேவ் இடங்களைச் சுழற்சியாகப் பயன்படுத்துங்கள். ஒன்று இன்றைய தொடக்கம், ஒன்று பெரிய மிஷனுக்கு முன், ஒன்று நாளின் முடிவு. இது மின்வெட்டுக்காகவும் கேமின் பிழைகளுக்காகவும் மட்டும். எடுத்த முடிவு பிடிக்கவில்லை என்று பழைய சேவுக்குத் திரும்புவது வேறு விஷயம், அதைச் செய்யாதீர்கள். விட்சர் 3இல் பல முடிவுகளின் விளைவு மணிக்கணக்கில் கழித்துத்தான் வெளியே வருகிறது. அப்போது திரும்பிப் போக நினைத்தால் ஒரு வார உழைப்பை அழிக்க வேண்டியிருக்கும். நல்லது செய்ய நினைத்தது கேடாய் முடிந்தால், அந்தக் கேட்டோடு நடப்பதுதான் அங்கே கதை.

இதற்கு மேல் திரும்ப முடியாது என்று கேம் எச்சரிக்கும் இடம் ஒன்று கடைசிப் பகுதியில் பெரும்பாலும் வரும். அங்கே தனியாக ஒரு சேவ் எடுத்து, பிறகு எதையும் அதன்மேல் எழுதாமல் வைத்திருங்கள்.

ஆயுதம், உடை, திறன் புள்ளிகளைப் பற்றி மண்டையை உடைக்க வேண்டாம். கதையை முடிக்க வழியில் கிடைப்பதே போதும்.

9. இடைவெளி விட்டுத் திரும்புவது

தேர்வு வரும், கல்யாண வீடு வரும், நெல்லையப்பர் ஆனித் தேரோட்டம் வரும். இரண்டு மூன்று வாரம் கழித்துத் திறந்தால் எந்தப் பொத்தான் எதற்கு என்பதே மறந்திருக்கும். பலரும் இந்த நிலையில் நேராக மிஷனுக்குள் போய்த் தோற்று, மூடிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாமல் ஆட்டத்தை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் முகாமிலோ சத்திரத்திலோ வீட்டிலோ போய் நிறுத்துங்கள். சண்டைக்கு நடுவில் வேண்டாம். அடுத்து என்ன செய்ய நினைத்தீர்கள் என்று நோட்டில் ஒரு வரி எழுதி வையுங்கள். திரும்பும்போது முதல் கால் மணி நேரம் வேட்டை, மீன்பிடி, கடைக்குப் போய் வருவது என்று கையைப் பழக்குங்கள். பிறகு அந்த வரியைப் படித்துவிட்டுக் கதைக்குள் போங்கள்.

வாரத்தில் இரண்டு மூன்று இரவுகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் என்பது வேலைக்குப் போகிறவர்களுக்கு நல்ல அளவு. விடுமுறை நாளில் விடிய விடிய ஆடுவது அத்தியாய முடிவுகளுக்கு மட்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து கண்ணைத் தூரத்தில் எதிலாவது நிறுத்துங்கள்.

10. கதை முடிந்த பிறகு

பெயர்கள் ஓடத் தொடங்கியதும் எழுந்துவிட வேண்டாம், கேமை அழித்துவிடவும் வேண்டாம். ரெட் டெட் 2இல் ஆறு அத்தியாயங்களுக்குப் பின் இரண்டு பகுதிகளாக முடிவுரை இருக்கிறது. அது பல மணி நேரம் நீளும், வேலி போடுவதும் மாடு மேய்ப்பதுமாக மெல்லப் போகும். முந்தைய அத்தியாயத்தின் வேகத்திலிருந்து வந்தவர்கள் பொறுமை இழந்து இங்கே விடுகிறார்கள். விடாதீர்கள். ஐந்தாம் பகுதியில் சொன்ன கணக்குப்படி இது கதையின் மிக நீண்ட மூச்சு. மெல்லவே ஆடுங்கள்.

விட்சர் 3க்கு இரண்டு துணைக் கதைகள் உள்ளன. 2015இல் வந்த ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோனை முதலில் ஆடுங்கள். அது பழைய நிலத்திலேயே நடக்கிறது, கச்சிதமானது. 2016இல் வந்த பிளட் அண்ட் வைன், திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த முற்றிலும் புதிய ஒரு நாட்டைத் திறக்கிறது. மையக் கதையை முடித்த கையோடு அதற்குள் போகாமல், நடுவில் வேறொரு சின்ன கேமை ஆடிவிட்டு, கண் தெளிந்த பிறகு போங்கள்.